கோரையும் அறுகும் பிடித்த காணியை மீட்பது எப்படி: யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கான முழு வழிகாட்டி

வெங்காயம் வைக்கக் காணி குத்தகைக்கு எடுத்தவர்களும், பல வருடம் கழித்துச் சொந்த வளவுக்குத் திரும்பியவர்களும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை தரம் கொத்தினாலும் திரும்பத் திரும்ப முளைக்குது, என்ன செய்யலாம்?" கொத்தியதில் குறை இருக்காது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் கொத்தியதுதான் குறை. சில வேர்களை வெட்டினால் சாகும். சிலவற்றை வெட்டினால் ஒன்று பத்தாகும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு மண்வெட்டியைத் தொட்டால் பாதி உழைப்பு மிச்சம். மீதியை யாழ்ப்பாணத்துக் கோடை வெயில் பார்த்துக்கொள்ளும்.

கொத்துவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுப்போய், யுத்தம் முடிந்தபின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் பற்றை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட காணி உங்களுடையது என்றால், மிதிவெடி அகற்றி முடிந்தது என்ற உறுதி கிடைக்கும்வரை கொத்தவும் வேண்டாம், பற்றைக்கு நெருப்பு வைக்கவும் வேண்டாம். அகற்றிய காணியில்கூட, வேருக்குள் சிக்கிய இரும்பு ஏதாவது தென்பட்டால் கையால் தொடாமல் அந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு சோதனைக் கிடங்கு

மேலே தெரியும் புல்லை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. கோடையில் தலை காய்ந்து வெறுந்தறையாகக் கிடக்கும் காணியில் கிழங்கு நிறைந்திருக்கும். காணியின் நடுவில் ஓரிடம், வேலி ஓரம் ஓரிடம், வாய்க்கால் கரையில் ஓரிடம் என்று தெரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி ஒரு தகரத்தில் கொட்டுங்கள். கையால் உதிர்த்து அரிதட்டில் அரித்தால் கிழங்கு, தண்டு, வேர்த்துண்டு எல்லாம் மேலே நிற்கும். அவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதி, கிடங்கு வெட்டிய இடத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதற்குப் பக்கத்தில் மறுபடி வெட்டிப் பார்க்கும்போதுதான் உழைப்புக்குப் பலன் வந்ததா என்று தெரியும்.

கரையோர மணல் பாங்கான இடம் வேறு, உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் வேறு. மணலில் வேர் ஆழம் போகும், ஆனால் இழுத்தால் முழுதாக வரும். செம்மண் காய்ந்து இறுகினால் வேர் நடுவில் அறும். சில வளவுகளில் ஒன்றரை அடிக்குள் சுண்ணக்கல் தட்டும். அங்கே வேர் கல்லிடுக்குக்குள் புகுந்திருக்கும், பிக்கான் இல்லாமல் முடியாது.

எந்த வேர் என்று அறிவது

*கோரை.* தண்டின் அடியை விரலால் உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை தட்டுப்படும். புல்லின் தண்டு உருளையாக அல்லது தட்டையாக இருக்கும், கோரையுடையது முக்கோணம். பூங்கொத்து செம்பழுப்பு நிறம். அடியில் மண்ணைத் தோண்டினால் கறுத்த தோலுடன் சிறிய கிழங்கு, அதிலிருந்து கம்பி போல மெல்லிய வேர்த்தண்டு, அதன் நுனியில் அடுத்த கிழங்கு, மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு என்று உருத்திராட்ச மாலை கோத்த மாதிரி தொடர்ந்து போகும். கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். வைத்தியர் மருந்துக்கு எடுக்கும் அதே வாசம் வரும்.

கோரையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மற்றக் களை எல்லாம் சேர்ந்து தரும் தொல்லையை இது தனியாகத் தரும். உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்திய களையியல் அறிஞர்கள் இதை முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். கிழங்குகளில் பெரும்பங்கு மேல்மண்ணின் அரை அடிக்குள் இருக்கும், சில ஒரு அடிக்குக் கீழும் போகும். தொடரின் ஒரு கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றக் கிழங்குகள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். தொடரை இடையில் வெட்டினால் அந்தக் கட்டுப்பாடு போய், உறங்கிய ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். றொட்டவேட்டர் பூட்டிய லாண்ட்மாஸ்டரை ஒரு தரம் விட்டு, அடுத்த மழையோடு காணி முழுக்கக் கோரை எழும்புவது இதனால்தான். இயந்திரம் கிழங்கைக் கொல்லவில்லை, பிரித்துப் பரப்பிவிட்டிருக்கிறது.

இன்னொன்று: கோரைத் தளிரின் நுனி ஊசிபோலக் கூர்மை. கறுப்புப் பொலித்தீனைக் குத்திக்கொண்டு மேலே வரும். உருளைக்கிழங்கு போட்ட காணியில் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். கிண்டி எடுத்த உருளைக்கிழங்கில் பக்கவாட்டில் ஓட்டை இருந்தால், பூச்சியைக் குற்றம் சொல்லுமுன் கோரை இருக்கிறதா என்று பாருங்கள்.

*அறுகு.* இது இரண்டு வழியில் ஓடும். மண்ணுக்கு மேல் கொடி, மண்ணுக்குக் கீழ் வெள்ளைத் தண்டு. இரண்டிலும் கணுக்கள் உண்டு, கணு ஒவ்வொன்றும் ஒரு புல். கிழங்கு கிடையாது. மேலே பூ மூன்று முதல் ஆறு வரையான விரல்களாகப் பிரிந்திருக்கும். பிள்ளையாருக்குச் சாத்துகிற புல், கஞ்சிக்கும் சாறுக்கும் எடுக்கிற புல் என்பதால் இதை அடியோடு வெறுக்க யாருக்கும் மனம் வராது. எனக்கும் வராது. கிணற்றடியில் ஒரு மூலையில் விட்டுவையுங்கள், தோட்டத் தறைக்குள் விடாதீர்கள்.

*எருக்கலை, நாயுண்ணி, கொவ்வை.* முதல் இரண்டும் கட்டை வகை. மேலே வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். கொவ்வை வேலியில் படர்ந்து அழகாக நிற்கும், அடியில் மரவள்ளிக்கிழங்கு போலத் தடித்த வேர் வைத்திருக்கும். கொடியை எத்தனை தரம் அறுத்தாலும் அந்த வேரில் சேமிப்பு இருக்கும்வரை வரும்.

*மூக்கிரட்டை.* தரையோடு படரும், நடுவில் ஒரே தடித்த ஆணிவேர். நடுவில் அறுந்தால் மீதி முளைக்கும். மழை பெய்த மறுநாள் அலவாங்கால் பக்கத்து மண்ணை நெம்பி முழு வேரையும் இழுத்தால் முடிந்தது.

சாரணை, குப்பைமேனி, முட்கீரை எல்லாம் விதையால் வருபவை. பூக்குமுன் செருக்கி எறிந்தால் போதும், அவற்றின் வேரைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்த்தீனியமும் விதைக் களைதான், ஆனால் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை தரும், தோலில் ஒவ்வாமையும் சிலருக்கு இழுப்பும் வரும். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, பூ வருமுன் வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்டதை உலுப்பாமல் உரப்பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

எப்போது தொடங்குவது

எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். களை வேரை வெளியே எடுத்துக் காயவிடுவதற்கு ஆனி முதல் ஆவணி வரையான காலத்தைப் போல வேறு காலம் கிடையாது. வெயிலும் இருக்கும், சோளகக் காற்றும் இருக்கும், மண் ஈரம் பிடிக்காது. மாரியில் கோரை கிண்டுபவர்கள் பாடுபட்டுக் கிழங்கை இடம் மாற்றி நடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரேயடியாக முழுக் காணியையும் தொடவேண்டாம். நாலு பரப்புக் காணி என்றால் முதல் கோடையில் ஒரு பரப்பை ஒழுங்காக முடியுங்கள். அரைகுறையாக நாலு பரப்பையும் கிளறினால், நாலிலும் முன்னையதை விட அடர்த்தியாக வரும். மீதி மூன்று பரப்பில் பூக்கவிடாமல் உழவாரத்தால் செருக்கிக்கொண்டிருந்தால் இப்போதைக்குப் போதும்.

கிண்டி எடுப்பது

தேவையானவை: பற்கள் உள்ள மண்வெட்டி, அலவாங்கு, உழவாரம், விறாண்டி, இரண்டு கடகம், ஒரு தறப்பாள் அல்லது பழைய தகரங்கள். தட்டை மண்வெட்டி வேரை வெட்டும், பல் உள்ளது வேரைத் தூக்கும். கோரைக்கும் அறுகுக்கும் தூக்குவதுதான் வேண்டும்.

முதலில் மேற்புல்லைச் செருக்கி அள்ளி வெளியே போடுங்கள். செம்மண் பாறையாக இறுகியிருந்தால் ஒரு தரம் இலேசாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்து, மண் கையில் பிடித்தால் உதிரும் பதத்துக்கு வந்தபின் தொடங்குங்கள். சேறாக இருந்தால் கிழங்கில் மண் ஒட்டிக்கொண்டு காயாது. சுக்காக இருந்தால் தொடர் அறும்.

காணியின் ஒரு ஓரத்தில் முக்கால் அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதற்கு அடுத்த மண்ணைப் பல் மண்வெட்டியால் குத்தி, நெம்பி, அந்த வாய்க்காலுக்குள் சரித்து விழுத்துங்கள். விழும்போது மண் உதிர்ந்து வேர்த்தொடர் வெளியே தெரியும். தொடரை ஒரு முனையில் பிடித்துச் சுண்டி இழுக்காமல், கீழ் மண்ணைத் தளர்த்திக்கொண்டே மெல்ல எடுங்கள். அறுந்தால் அறுந்த நுனியைத் தேடுங்கள், அங்கேதான் அடுத்த கிழங்கு. இப்படியே வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போகவேண்டும். கிண்டிய மண்ணை மிதிக்கக்கூடாது.

ஒரு கடகத்தில் கோரைக்கிழங்கும் அறுகந்தண்டும், மற்றதில் விதைக்களையும் சருகும். இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டாவது கடகம் விதை பிடிக்காததாக இருந்தால் குப்பைக் கிடங்குக்கே போகலாம். முதலாவது ஒருநாளும் போகக்கூடாது. பூவரசங்குழை, பனையோலை தாழ்ப்பது நம் ஊரில் நல்ல வழக்கம். அந்தக் குழையோடு அறுகந்தண்டு சேர்ந்து தாழ்ந்தால் அடுத்த மாரிக்கு அதுதான் முதலில் தலை காட்டும்.

கூலிக்கு ஆள் பிடித்துச் செய்வதாக இருந்தால், பரப்புக் கணக்கில் பேசாமல் நாள் கூலிக்குப் பேசுங்கள். இது பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை. கெதியாக முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடும்.

காய வைப்பதும் அழிப்பதும்

எடுத்ததை மண்ணின் மேல் குவிக்காதீர்கள். குவியலின் அடியில் ஈரம் பிடித்து வேர்விடும். தகரத்திலோ சீமெந்து நிலத்திலோ தறப்பாளிலோ ஒரு கிழங்கின் மேல் இன்னொன்று ஏறாமல் பரப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் விறாண்டியால் புரட்டுங்கள். நல்ல வெயிலுக்கு அறுகந்தண்டு ஒரு வாரத்தில் முறிகிற பதத்துக்கு வரும். கோரைக்கிழங்குக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

காய்ந்ததா என்று தோலைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரு பிடி கிழங்கை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக, கடினமாக, கொஞ்சம் ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு நிறமாகச் சுருங்கி, தோலுக்கும் சதைக்கும் இடையில் வெளி விழுந்திருந்தால் செத்துவிட்டது. ஒரு கிழங்காவது வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். கடைசியில் எரித்துச் சாம்பலைத் தென்னைக்குப் போடலாம்.

கட்டை வகையை எடுப்பது

எருக்கலையை வெட்டுமுன் கண்ணை மறைக்கும் கண்ணாடி ஒன்று போடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கசக்காதீர்கள். செடியை முழங்கால் உயரத்தில் வெட்டி, மீதிக் கட்டையைப் பிடியாக வைத்துக்கொண்டு சுற்றிவர ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். தண்டும் வேரும் சேரும் தடித்த இடத்தில்தான் முளை இருக்கிறது. அதற்குக் கீழே, வேர் மெலியும் இடத்தில் அலவாங்கால் அறுத்து எடுத்தால் போதும். ஆழத்து நுனி வேரைத் தேடிக் கிணறு வெட்டத் தேவையில்லை.

நாயுண்ணியும் இதே முறைதான், ஆனால் வேர் இவ்வளவு ஆழம் போகாது. பிக்கானால் அடிக்கட்டையைப் புரட்டலாம். வெட்டிய இலையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், ஈரலைப் பாதிக்கும் நஞ்சு அதில் உண்டு. நெருப்பு மட்டும் வைத்தால் அடியிலிருந்து திரும்பத் தளிர்க்கும். கொவ்வைக்கு, கொடியைத் தடவிக்கொண்டே அடிவரை போய் தடித்த வேரை முழுதாகத் தோண்டவேண்டும். அது பெரும்பாலும் கிளுவைக் கதியாலின் வேரோடு பின்னிக் கிடக்கும், கதியாலைச் சாய்க்காமல் பார்த்துச் செய்யுங்கள். அறுத்த கொடியை நிலத்தில் போடாமல் வெயிலில் தொங்கவிடுங்கள்.

திரும்பி வருவதை அடக்குவது

எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் கோரைக்கிழங்கு கொஞ்சம் தப்பும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், இங்கேதான் விடக்கூடாது. தப்பிய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் இலை விடுகிறது. இலை வளர்ந்து சில வாரம் போனால் உணவு திரும்பக் கீழே இறங்கிப் புதுக்கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அதற்கு முன், ஐந்தாறு இலை வருமுன், உழவாரத்தால் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே செருக்கிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தரமும் முளை மெலிந்து வரும். இரண்டு தவணை விட்டுவிட்டால் கிழங்கு பழைய பலத்துக்கு வந்துவிடும்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் பயிர் வைக்க அவசரப்படாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதையும் கிழங்கும் முளைக்க விட்டு, ஆழம் கிண்டாமல் மேலோட்டமாகச் செருக்கி எடுத்தபின் நடுங்கள். பயிரோடு போட்டி போட வந்திருக்கும் களையில் பெரும்பகுதி அத்தோடு போய்விடும்.

கோரைக்கும் அறுகுக்கும் ஆகாதது நிழல். சணல் நெருக்கமாக விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் களையும் அடங்கும், மண்ணுக்கும் தழைச்சத்து வரும். வத்தாளைக் கொடி நிலத்தை மூடிப் படரும், கௌபியும் நல்லது. நடைபாதையில் கார்ட்போட் மட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து மேலே பனையோலையைத் தடிப்பாகப் போடுங்கள். தெளிந்த பொலித்தீனை ஈர மண்ணில் இறுக்கி விரித்து, ஓரமெல்லாம் மண்ணால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விடும் முறை விதைக்களைக்கு நன்றாக வேலை செய்யும். கோரைக்கிழங்கை முழுதாகக் கொல்லாது. சோளகத்தில் பொலித்தீன் பறக்கும், ஓரத்தை அரை அடிக்காவது புதையுங்கள்.

களைநாசினி பற்றி

கிளைபொசேற் 2015 இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022 இல் தடை நீங்கியது. இப்போது கடையில் கேட்பவர்கள் பலர். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பச்சை இலை வழியாகத்தான் அந்த மருந்து உள்ளே போகும். இலை விடாமல் உறங்கும் கிழங்குக்கு அது போய்ச் சேராது, ஆகவே ஒரு தரம் அடித்து முடியும் காரியமும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான், அந்தக் கல்லோ வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. தோட்டத்தில் போட்ட உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் இறங்கியிருப்பது ஆய்வுகளில் பலமுறை தெரிந்த விடயம். அதே வழியில் வேறொன்றையும் இறக்க எனக்கு மனம் இல்லை. அடித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் கடைக்காரரைக் கேட்காமல் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

எல்லையும் படலையும்

துப்புரவாக்கிய தறைக்குள் களை திரும்ப வரும் வழிகள் சில. பக்கத்துக் காணி அறுகு வேலிக்குக் கீழால் ஓடிவரும். எல்லையோரம் முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மாதம் ஒரு தரம் அதற்குள் நீட்டும் தண்டை அறுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி இருபக்கமும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. விலைக்கு வாங்கும் மாட்டெருவில் கோரைக்கிழங்கு வரும், லொறி மண்ணில் இன்னும் கூடுதலாக வரும். இறக்குமுன் இரண்டு கடகம் அரித்துப் பாருங்கள். நாற்றுமேடைப் பையில் வாங்கும் மா, தேசிக் கன்றுகளின் மேல்மண்ணில் கோரைத் தளிர் இருந்தால் பையைக் கிழித்து, மண்ணை உதிர்த்துக் கிழங்கை எடுத்தபின் நடுங்கள். வாடகைக்கு வரும் லாண்ட்மாஸ்டரின் கத்தியில் முந்தைய காணியின் மண் ஒட்டியிருக்கும். படலைக்கு வெளியே நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள்.

எப்போது வெங்காயம் வைக்கலாம்

முதல் கோடை முடிந்த உடனே வெங்காயம் வைக்க ஆசை வரும். வெங்காயத் தாள் மெல்லியது, நிலத்துக்கு நிழல் தராது. வேர் மேலோட்டமானது, இடையில் கோரை பிடுங்கினால் வெங்காயமும் சேர்ந்து அசையும். ஆகவே முதல் வருடம் மரவள்ளி, வாழை, வத்தாளை போல நிழல் தருபவற்றை வையுங்கள், இடையில் செருக்கவும் வசதி. அடுத்த கோடையில் பழைய சோதனைக் கிடங்குக்குப் பக்கத்தில் மறுபடி வெட்டி எண்ணுங்கள். கொப்பியில் இருக்கும் பழைய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்திருந்தால் வெங்காயம் வைக்கலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வருடம் வத்தாளைக்கு விடுங்கள். உருளைக்கிழங்கு வைப்பதாக இருந்தால், அரிதட்டில் உயிர்க்கிழங்கு ஒன்றும் நிற்காத தறையைத்தான் தெரிவு செய்யவேண்டும்.